சின்ன வீட்டை விட்டுவிடச் சொன்ன அத்தைக்கு

ஸ்கூடாய்,
திங்கட்கிழமை இரவு.

சிகாமட் ரெஜினா அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் அமண்டா தோத்திரம் சொல்லி எழுதுவது.

அத்தை, முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம்கூட வேண்டாம். கண்ணாடி கிடைக்கவில்லை என்று மாமாவை வாசிக்கச் சொல்வது உங்கள் பழக்கம்; கண்ணாடி பெரும்பாலும் உங்கள் தலைமேல்தான் இருக்கும், தயவுசெய்து அங்கே ஒருமுறை தடவிப் பாருங்கள். பரீட்சை முடியும்வரை என் கைப்பேசி அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. என்னிடம் இருந்தாலும் வாட்சாப்பில் அனுப்பியிருக்க மாட்டேன். உங்களுக்கு வருகிற செய்தியெல்லாம் ஐந்து நிமிடத்தில் 'இவர்களுக்காக ஜெபியுங்கள்' என்ற வரியோடு உங்கள் கோயில் அன்பியக் குழுவுக்குப் போய்விடுகிறது. காகிதத்தை அப்படி அனுப்ப முடியாது என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். படம் பிடித்து அனுப்பலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அனுப்பாதீர்கள்.

நீங்கள் நலமா? மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் ஏறவில்லையே? இங்கே ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் நால்வரும் சுகம். அம்மா சுகம். தம்பி டாரில் இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டான். அப்பா சுகம். அப்பாவுக்கு வேறு யாரும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சின்ன வீடு என்பது ஒரு வேன், அத்தை. எங்கள் வாசலில் வெள்ளையாக நிற்குமே, நீங்கள் 'ரொட்டி வேன்' என்று சொல்லுவீர்களே, அதுதான். மூன்று வருடங்களுக்கு முன் அப்பா அதை வாங்கி, உள்ளே கட்டிலும் மேசையும் அடுப்பும் வைத்து, போகிற இடத்தில் படுத்துத் தூங்குகிற வண்டியாக மாற்றியபோது, "இனிமே எனக்கும் ஒரு சின்ன வீடு இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டே அப்பாவின் தோளில் ஓர் அடி போட்டார். எதற்கு அடி என்று எனக்கும் டாரிலுக்கும் புரியவில்லை. பெயர் நன்றாக இருந்ததால் நாங்களும் சொல்ல ஆரம்பித்தோம். சொல்லிச் சொல்லி, சிரித்தவர்களுக்கே எதற்குச் சிரித்தோம் என்று மறந்துவிட்டது. சின்ன வீட்டைக் கழுவ வேண்டும், சின்ன வீட்டுக்கு டயர் மாற்ற வேண்டும் என்று அம்மாவே சொல்வார். இந்தப் பெயர் எங்கள் நான்கு பேருக்குள் மட்டும்தான். அதனால் எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த அர்த்தம் எனக்குத் தெரியாது.

இன்று மதியம்வரை தெரியாது. தமிழ் வகுப்பில் 'எனக்குப் பிடித்த இடம்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'என் தந்தைக்கு ஒரு சின்ன வீடு உண்டு. வார நாட்களில் அவருக்கு வேலை அதிகம். ஆகவே சனி ஞாயிறுகளில் மட்டும் அங்கே செல்வார். என் தாயார் முதலில் முகம் சுளித்தாலும், பிறகு சோறு கட்டி எடுத்துக்கொண்டு எங்களையும் அழைத்துச் செல்வார். அங்கே நாங்கள் மிக்க மகிழ்ச்சியாக இருப்போம்.' தனலெட்சுமி டீச்சர் என்னை ஆசிரியர் அறைக்கு அழைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்து, ஒரு பாக்கெட் மைலோ கொடுத்து, வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று மிக மெதுவாகக் கேட்டார். ஆலோசனை ஆசிரியரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கு நான்கு சக்கரம் உண்டு என்று நான் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேன் என்று புரிந்த பிறகு டீச்சர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு, கல்யாணமான ஒருவர் வேறொரு பெண்ணோடு தனியாக நடத்துகிற குடும்பத்துக்குத்தான் தமிழில் அந்தப் பெயர் என்று சொல்லி, முதல் வரியை மட்டும் மாற்றச் சொன்னார். மொழிநடைக்கு நல்ல மதிப்பெண். ஆனால் நான் மைலோவைக் குடித்து முடிக்கவில்லை. உங்களிடம் ஃபோனில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துவிட்டது.

எட்டு நாளைக்கு முன், ஞாயிறு காலை, நீங்கள் அப்பாவின் ஃபோனுக்கு அழைத்தீர்கள், நான் எடுத்தேன். அப்பா எங்கே என்று கேட்டீர்கள். "அப்பா சின்ன வீட்டுல தூங்குறாங்க அத்தை. ராத்திரி அங்கதான் இருந்தாங்க" என்று சொன்னேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். "தெரியுமே. அம்மாதான் தலகாணியும் போர்வையும் கொடுத்து அனுப்பினாங்க" என்றேன். டாரில் என்ன செய்கிறான் என்று கேட்டீர்கள், உங்கள் குரல் ஒரு மாதிரி இருந்தது. அங்கே காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிறான், இரண்டு கப் என்று சொன்னேன். அந்த இரண்டாவது கப் டாரிலுக்கு, அத்தை. அதைச் சொல்வதற்குள் உங்கள் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது, லைன் போய்விட்டது. சிகாமட்டில் மழை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தின இரவு அப்பா ஏன் அங்கே போய்ப் படுத்தார் என்றால், அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை. சண்டை பெரிய வீட்டைப் பற்றி. இந்தப் பெரிய வீடும் வண்டிதான், பயப்படாதீர்கள்.

சின்ன வீட்டில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதில் மேசைதான் கட்டில், கட்டில்தான் நாற்காலி. குளிர்பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் டாரில் இரண்டு காலையும் தூக்கிக்கொள்ள வேண்டும். தேத்தூள் போட்டுத் தே கலக்க வேண்டுமென்றால் மூன்று பேர் இறங்கி வெளியே நிற்க வேண்டும். மழை பெய்தால் தே கிடையாது. இரவில் ஒருவர் புரண்டால் நால்வரும் புரள வேண்டும், அதனால் அப்பா 'சத்து, டுவா, தீகா' என்று மலாயில் எண்ணுவார், எல்லாரும் ஒன்றாகத் திரும்பிப் படுப்போம். நிமிர்ந்து நிற்க ஒரே ஓர் இடம்தான், கூரைச் சன்னலுக்கு நேர்கீழே. அம்மா அங்கே நின்று, தலையைக் கூரைக்கு வெளியே நீட்டித்தான் தலை சீவுவார். மெர்சிங் கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்கள் அம்மாவைப் பார்த்துக் கையசைப்பார்கள். அம்மா சீப்பை அசைப்பார். போன வருடம் உங்கள் தோட்டத்து டுரியானை ஏற்றிக்கொண்டு வந்தோமே, அப்பாவின் மழைச்சட்டை உள்ளே கிடந்தது. மூன்று வாரம் வேலைக்குச் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடக்கும்போது அந்த வாடை தாங்காமல் மற்ற மோட்டார்சைக்கிள்காரர்கள் அப்பாவுக்கு வழிவிட்டார்களாம். பக்கக் கதவை அப்பாவே பொருத்தினார். அதை மூன்று முறை தட்டலாம். மெர்சிங்கில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், நாய் தூக்கிப்போன டாரிலின் செருப்பைத் திருப்பிக் கொடுக்க வந்து, நான்காவது முறை தட்டினார். கதவு அவர் கையோடு வந்துவிட்டது. செருப்பை ஒரு கையிலும் கதவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் சட்டம், மூன்றுக்கு மேல் தட்டக்கூடாது.

இதையெல்லாம் பார்த்துத்தான் அம்மா பெரியது கேட்டார். கூலாயில் இருக்கிற மணியம் அங்கிள், அப்பாவோடு முன்பு வேலை செய்தவர், ஒரு பெரிய வண்டி வைத்திருக்கிறார். கழிவறை, குளியல், நான்கு பேருக்கும் தனித்தனிக் கட்டில், பின்னால் கதவு வைத்த ஓர் அறை. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு இதில் போய்ப் பாருங்கள், பிடித்தால் பேசலாம் என்று கொடுத்தார். எங்கள் சாலையில் அது திரும்பியபோதே எதிர்வீட்டுத் துணிக்கொடிக் கம்பை இடித்தது. யோங் பெங்கில் இறங்கிப் பார்த்தால் எதிர்வீட்டு அங்கிளின் கைலி பக்கக் கண்ணாடியில் கொடி மாதிரி பறந்துகொண்டிருக்கிறது. டோலில் கட்டணப் பெட்டிக்கு அப்பாவின் கை எட்டவில்லை. ஒவ்வொரு டோலிலும் டாரில் இறங்கி அட்டையைத் தொட்டுவிட்டு ஓடிவந்து ஏறினான். பின்னால் இருந்து அம்மா கூப்பிட்டால் முன்னால் கேட்காது. அதனால் அம்மா அப்பாவுக்கு ஃபோன் போட்டார். ஒரே வண்டிக்குள், அத்தை. டாரில் தன் கட்டிலில் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு படுத்துவிட்டான், நான் என் கட்டிலில் படித்தேன், அம்மா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கால் நீட்டித் தூங்கினார். ஸ்கூடாய் வீட்டில் இருப்பது மாதிரியேதான் இருந்தது.

தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில் எல்லாரும் இறங்கி ஏறினோம். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா தூங்குகிறார் என்று டாரில் நினைத்தான், நான் நினைத்தேன், அப்பாவும் நினைத்தார். முக்கால் மணி நேரம் ஓட்டிய பிறகு அப்பாவுக்குத் தே குடிக்க ஆசை வந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டார். அம்மா நிதானமாகச் சொன்னார்: "தே வேணும்னா தாப்பாவுக்குத் திரும்பி வாங்க. நான் இங்க அன்னாசி வெட்டிக்கிட்டு இருக்கேன்." வண்டியில் கழிவறை வேண்டும் என்று கேட்ட அம்மா, அதில் டாரில் இருந்ததால் ஓய்விடத்துக் கழிவறைக்குப் போயிருக்கிறார். எங்களைக் காணாமல், பழக்கடைக்கார அக்காவுக்கு உதவி செய்துகொண்டிருந்தார். நாங்கள் அடுத்த வாயிலில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் வந்து, தாப்பாவையும் தாண்டி, மறுபடி திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது அம்மா கையில் இரண்டு பை பழம். திருவிழாவில் அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அந்தோணியாருக்கும் ஒன்று ஏற்றினார். காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

சின்ன வீட்டில் யாரையும் அப்படி விட்டுவிட்டு வர முடியாது, அத்தை. ஒருவர் குறைந்தால் உடனே தெரிந்துவிடும். மூச்சு விட இடம் கிடைக்கும்.

ஆனாலும் அந்தச் சனிக்கிழமை இரவு அம்மாவுக்கு இடுப்பு வலி, பேச்சு மறுபடி அங்கேயே போய்விட்டது. "மூணு வருஷமா உங்க சின்ன வீட்டுல குனிஞ்சு குனிஞ்சே என் இடுப்பு போச்சு. பெரிசுல நிமிர்ந்தாவது நிப்பேன்" என்றார் அம்மா. "அதுலதானே உன்னைத் தொலைச்சோம்" என்றார் அப்பா. "தொலைச்சது வண்டியா, நீங்களா?" என்று அம்மா கேட்டார். அப்பா எழுந்தார். வாசலில் போய்ப் படுத்துக்கொண்டார். தலையணையும் போர்வையும் போன கதை உங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு புதன்கிழமை இரவு நீங்கள் அப்பாவை அழைத்தீர்கள். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். கையில் சோறு இருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் வைத்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டில் இருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. அன்று எனக்கு எல்லாம் வண்டிப் பேச்சாகத்தான் கேட்டது. இன்று மதியத்திலிருந்து திரும்பத் திரும்ப வேறு மாதிரி கேட்கிறது.

"நாதா, சின்ன வீடு விஷயம் என் காதுக்கு வந்துருச்சு" என்றீர்கள் நீங்கள்.

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லக்கா. எங்க தாமான் தெருவுலயே மூணு பேர் வச்சிருக்காங்க" என்றார் அப்பா.

"அலமாக். பேட்ரிசியா என்ன சொல்றா?"

"அவளுக்குப் பெரிய வீடுதான் வேணுமாம்."

"நியாயந்தானேடா. எத்தனை வருஷமா நடக்குது இது?"

"மூணு வருஷமாச்சு. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. இப்பதான் மேடு ஏறும்போதெல்லாம் சத்தம் போடுது."

பிறகு, "பிள்ளைங்க முகத்தை நினைச்சுப் பாருடா" என்றீர்கள்.

"பிள்ளைங்களுக்கு அதுன்னா உயிருக்கா" என்றார் அப்பா.

நீங்கள் அழ ஆரம்பித்துவிட்டீர்கள். அம்மா மாதிரி உன்னை வளர்த்தேனே, எனக்காக விட்டுடு என்று கேட்டீர்கள். அப்பா கையில் இருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டார். ஒரு வேனுக்காக அக்கா அழுகிறாரே என்று அவருக்கு எப்படி இருந்திருக்கும்? பிறகு சொன்னார்: "சரிக்கா. நீங்க சொல்லிட்டா சரி. விட்டுடறேன். கூலாய்ல ராஜசேகரன்னு ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கார். அவர்கிட்டயே கொடுத்துடறேன்."

நீங்கள் "சீ" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

ராஜசேகரன் வருகிற சனிக்கிழமை காலை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். அதில் வாழைப்பழம் பொரித்துப் பிசாங் கோரேங் வியாபாரம் செய்யப் போகிறாராம். நாங்கள் நால்வரும் புரண்டு படுக்கிற இடத்தில் எண்ணெய்ச் சட்டி வரும். அதற்கு அடுத்த வாரம் மணியம் அங்கிளின் பெரிய வண்டி எங்களுக்கு வந்துவிடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை. அப்பா காலை நாலரைக்கு சிங்கப்பூருக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வருவார். வார நாட்களில் நான் பார்ப்பது அவருடைய ஹெல்மெட்டைத்தான். கணக்கில் நான் தோற்றதை அப்பாவிடம் சொன்னது சின்ன வீட்டில், விளக்கை அணைத்த பிறகு. எழுந்து போக அவருக்கு இடமில்லை, ஓட எனக்கு இடமில்லை. அவர் தானும் பள்ளியில் படிவம் இரண்டில் தோற்றதைச் சொன்னார். அது உங்களுக்கே தெரியாதாம், காட்டிக்கொடுக்காதீர்கள். என் தோழிகளின் பெயர் எல்லாம் அவருக்குத் தெரியும். டாரில் யாரோடு பேசுகிறான் என்பதுகூடத் தெரியும். எல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான். பெரியதில் பின்னறைக்குக் கதவு இருக்கிறது. கதவு இருந்தால் எங்கள் வீட்டில் சாத்திவிடுவார்கள். என் வாயால்தான் சின்ன வீடு போனது என்று தெரிந்தால் அப்பா திட்ட மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

ஆகவே நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அப்பாவை அழைத்து, "நாதா, சின்ன வீட்டை நீயே வச்சிக்கோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னால் அப்பா காரணம் கேட்க மாட்டார். சொல்லும்போது அன்பியத்தார் யாரும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புனித ரீத்தாளுக்கு நீங்கள் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் தொடங்கியிருப்பதாக மாமா டாரிலிடம் சொன்னாராம். எதற்கு என்று இன்றுதான் புரிந்தது; குலைகிற குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்வது அவரிடம்தானே. இன்று ஐந்தாம் நாளாக இருக்கும். பாதியில் நிறுத்த வேண்டாம். வேண்டுதல் கருத்தை மட்டும் அம்மாவின் இடுப்பு வலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வாரம் நேரில் வந்து பேசப்போவதாகவும் மாமா சொன்னாராம். அதுவும் வேண்டாம், அத்தை. உங்களுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது.

நாளை காலை பள்ளிக்குப் போகும்போது இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். மாமாவுக்கு என் தோத்திரம். உங்கள் வாசலில் இருக்கும் அன்னம்மாள் சுரூபத்துக்கு என் சார்பில் ஒரு பூ வையுங்கள். இந்த எளிய பிள்ளைக்காக ஜெபியுங்கள், பெயர் சொல்லாமல்.

உங்கள் ஆசீரை எதிர்பார்க்கும்,
அமண்டா.

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியதில் பாதி தப்பு. இந்தக் கடிதத்தை நான் சின்ன வீட்டுக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வீட்டில் விளக்குப் போட்டால் அம்மா வந்துவிடுவார். உறை தேடி இருக்கைக்குக் கீழே இருக்கிற பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஆறு துண்டு புதுத் துணி, மஞ்சள் பூப் போட்டது, ஆறும் இந்த வண்டிச் சன்னல்களின் அளவு. ஒன்றுக்கு ஓரம் தைத்தாகிவிட்டது. அளவுச் சீட்டு அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது, தேதி போன வெள்ளிக்கிழமை. நீங்கள் அழுத புதனுக்குப் பிறகு. கூடவே முதுகுக்கு வைக்கிற ஒரு புதுத் தலையணை; அதில் அப்பாவின் கையெழுத்தில் 'பேட்ரிசியாவின் இடுப்புக்கு' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அம்மா கேட்டார் என்று அப்பா விற்கிறார், அக்கா அழுதார் என்று அப்பா விற்கிறார், அப்பா முடிவு செய்துவிட்டார் என்று அம்மா சும்மா இருக்கிறார். அப்படியென்றால் இந்தக் குடும்பத்தில் பெரிய வீடுதான் வேண்டும் என்று நிற்பது நீங்கள் ஒருவர்தான், அத்தை. அதுவும் வேறு பெரிய வீடு. ஆகவே நீங்கள் அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நானே நாளைக்கு அம்மாவிடம்

ஏதோ டாக்சி வந்து நின்றது. எதிர்வீட்டுக்காக இருக்கும்.

எங்கள் கேட் திறக்கிறது. கைவிளக்கின் வெளிச்சம் சன்னலை மறைத்த போர்வையையும் தாண்டித் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. யாரோ பக்கக் கதவைத் தட்டுகிறார்கள்.

"உள்ள யாரும்மா? நான் அமலநாதனோட மூத்த அக்கா, சிகாமட்லேர்ந்து வந்திருக்கேன். விளக்கு எரியறது தெரியுது. மரியாதையா வெளிய வா, உன்கிட்டதான் பேசணும்."

இரண்டு. அத்தை, இது நீங்கள்தானா? கண்ணாடி தலைமேல் இருக்கிறது, போட்டுக்கொண்டு பாருங்கள், இது ரொட்டி வேன். மேல்மாடியில் விளக்கு எரிகிறது, அப்பா இறங்கி வருகிறார். மூன்று. அத்தை, தயவுசெய்து நான்காவது தடவை மட்டும் தட்டாதீ